மோன்டேபுல்ச்சானோவா, மோன்டால்ச்சீனோவா? கார் ஓட்டாதவர்களின் கணக்கு

இத்தாலியின் டஸ்கனியில் ஒயினுக்குப் பேர்போன மலையூர் ஒன்றில் நாலு நாள் தங்கலாம் என்று நானும் மனைவியும் தேடியதில், கடைசியில் நின்றது இந்த இரண்டு பெயர்கள்தான். உச்சரிப்பிலேயே குழம்பி, ஒரு ஊருக்குப் பார்த்த விடுதியை இன்னொன்றுக்கு என்று நினைத்துப் பணம் கட்டப் போய்விட்டேன். தங்கியது மோன்டேபுல்ச்சானோவில். பிறகு சியெனா நகரிலிருந்து மோன்டால்ச்சீனோவுக்கு ஒரு பகல் மட்டும் போய்வந்தோம். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

பொதுவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் சியெனாவுக்குத் தெற்கே, ஒன்றுக்கொன்று 40 கி.மீ.க்குள். நடுவில் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு. மோன்டேபுல்ச்சானோ சுமார் 600 மீட்டர் உயரம், மோன்டால்ச்சீனோ 560. இரண்டு ஊர் ஒயினுக்கும் அடிப்படை சாஞ்சோவேசே என்ற திராட்சைதான். இத்தாலியின் உச்சத் தரச்சான்று இரண்டுக்கும் ஒரே வருடம், 1980-இல் கிடைத்தது. கல் வீதி, மாலை வெயில், படம் எடுக்க இடம் என்றெல்லாம் ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. இரண்டிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது.

எங்களுக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே கேள்வி: குடித்த பிறகு யார் ஓட்டுவது? இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது. நம்மூர் லைசென்ஸோடு சர்வதேச அனுமதியும் வேண்டும். வண்டிக்குத் தடையுள்ள பழைய ஊர்ப்பகுதிக்குள் தெரியாமல் வண்டியை விட்டால் கேமரா பிடித்து, அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும். மனைவிக்கு ஓட்டத் தெரியாது. நான் ஓட்டினால் நான் குடிக்க முடியாது. அப்புறம் எதற்கு ஒயின் ஊர்?

மோன்டேபுல்ச்சானோ ஜெயித்தது இங்கேதான். அங்கே ஒயின் நிலவறைகள் ஊருக்குள், மாளிகைகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. பியாட்சா கிராண்டே சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண மரக்கதவு. உள்ளே போனால் படிகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. நாலாவது திருப்பத்தில் வெளியே இருந்த வெயில் மறந்து கையில் புல்லரித்தது. ஈரக்கல்லும் புளித்த பழமும் கலந்த வாசனை. நாங்கள் நுழைந்த கதவைவிடப் பெரிய பீப்பாய்கள் வரிசையாக நின்றன. இதை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன். பலகைகளாகக் கொண்டுவந்து இங்கேயே பூட்டியதாம். மேலே வந்து அந்த ஊர் ஒயினான வினோ நோபிலே இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு அறைக்கு நடந்தே போனோம், இறக்கத்தில்.

ஏற்றம்தான் இந்த ஊரின் குறை. கீழ்வாசலிலிருந்து சதுக்கம் வரை கோர்சோ வீதி மூச்சு வாங்க வைக்கும். ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று இதே ஏற்றத்தில் 80 கிலோ பீப்பாய்களை உருட்டிப் பந்தயம் விடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்பகுதியிலேயே அறை எடுப்பது நல்லது.

மோன்டால்ச்சீனோவில் பேர்பெற்ற ஒயின் தோட்டங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, மலைச்சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. முன்பதிவும் வேண்டும், போக வண்டியும் வேண்டும். 12-ஆம் நூற்றாண்டின் சான்ட் ஆன்டிமோ மடத்துக்கும் அதே கதை. சுமார் 10 கி.மீ. தள்ளி இருக்கிறது, எங்களால் போக முடியவில்லை. 1361-இல் கட்டிய கோட்டைக்குள் இருக்கும் ஒயின் கடையில் கிளாஸ் கணக்கில் சுவைத்தோம், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே குடித்த அந்த ஊர் ஒயினான புருனெல்லோவுக்கு முன்னால் நான் சுவைத்த வினோ நோபிலே எதுவும் நிற்கவில்லை. அறுவடை ஆண்டுக்கு அடுத்த ஐந்தாவது ஜனவரியில்தான் அதை விற்பனைக்கே விடுகிறார்கள். பொறுமைக்கும் சேர்த்து விலை. கையைக் கடித்தால் ரோஸ்ஸோ டி மோன்டால்ச்சீனோ கேளுங்கள். அதே திராட்சைதான், இளசு.

கூட்டம் மோன்டால்ச்சீனோவில் குறைவாகத் தெரிந்தது. நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, அதனாலும் இருக்கலாம். இரவில் அந்த ஊர் எப்படி அடங்கும் என்பதைத் தங்கியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. மோன்டேபுல்ச்சானோவுக்கு ரோமிலிருந்து ரயிலில் கியூசி வந்து பஸ் பிடிக்கலாம். மோன்டால்ச்சீனோவுக்கு சியெனா வழி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பக்கத்து ஊரான பியென்சா போய் ஆட்டுப்பால் சீஸ் வாங்குவதாகத் திட்டம். நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் 'வார நாட்களில் மட்டும்' என்று இருந்ததைக் கவனித்தோம். பரவாயில்லை, ஊருக்குக் கீழே வயல் நடுவில் தனியாக நிற்கும் சான் பியாஜோ தேவாலயத்துக்கு நடந்து போனோம். திரும்பி வந்து பீச்சி சாப்பிட்டோம்: கையால் உருட்டிய தடித்த மாவு இழை, தக்காளி, அந்தப் பக்கத்துப் பெரிய பூண்டு. சைவக்காரர்கள் 'ஆல்யோனே' என்று கேட்டு வாங்கலாம். வண்டி இல்லாமல் இதே ஞாயிறு மோன்டால்ச்சீனோவில் வாய்த்திருந்தால் கோட்டைச் சுவரைத்தான் சுற்றி வந்திருப்போம்.

குடிக்காமல் ஓட்டச் சம்மதிக்கும் ஒருவர் உங்களோடு வருகிறார் என்றால் கணக்கு தலைகீழ், மோன்டால்ச்சீனோவிலேயே தங்கிவிடுங்கள். ஊர் திரும்பும்போது ஆளுக்கு 2 லிட்டர்தான் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் எங்கள் பெட்டியில் நாலு பாட்டில். மூன்று வினோ நோபிலே, ஒன்று புருனெல்லோ. மூன்றும் தீர்ந்தாயிற்று.