டெல்டாவின் தை உளுந்துக்கு எந்த வரைபடம் உதவும்?

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி விதைக்கப்படும் உளுந்தின் பரப்பைப் பெருக்க நினைப்பவர்களிடம் மண் வரைபடம், செயற்கைக்கோள் படம், எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்று பதியும் கிராமப் பதிவேடான அடங்கல் ஆகிய மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். ஆனால் எதை நம்பி முதலில் முடிவெடுப்பது என்பதை மென்பொருள் சொல்லாது.

நெல் தரிசு உளுந்து எனப்படும் இந்தப் பயிர் பெரும்பாலும் தனிப் பாசனம் இல்லாமல் விளைவது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே விதையைத் தூவிவிடுவார்கள். ஆகவே, எந்த மண் ஏற்றது என்பதைவிட, எந்த வயல் எந்த வாரத்தில் அறுவடைக்கு வரும் என்பதே இங்கே தீர்மானமான கேள்வி.

மண் வரைபடம் இக்கேள்விக்குப் பதில் தருவதில்லை. 1:2,50,000 அளவில் அமைந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் இரண்டரை கிலோமீட்டர். கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியின் மணற்பாங்கான நிலத்தையும் பழைய டெல்டாவின் களிமண்ணையும் பிரித்துக் காட்ட அது போதும். களிமண் பகுதிக்குள் வயலுக்கு வயல் தேர்வு செய்யப் போதாது.

செயற்கைக்கோள்களிலும் இரு வகை உண்டு. ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 தரும் ஒளிப்படம் 10 மீட்டர் தெளிவு கொண்டது, அதாவது படத்தின் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர்; ஆனால் சம்பா வளரும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் அதை மறைத்துவிடுகிறது. அலைகளை அனுப்பி, அவை திரும்பி வருவதைக் கொண்டு படமெடுக்கும் சென்டினல்-1 ரேடாருக்கு மேகம் தடையில்லை. நடவு வயலில் தேங்கிய நீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் வயல் கருமையாகத் தெரிகிறது. பயிர் தூர் கட்டி உயர உயர வெளிச்சம் கூடுகிறது. 12 நாளுக்கு ஒருமுறை வரும் படங்களில் அந்தக் கருமை எப்போது நீங்கியது என்று பார்த்து, நடவு நடந்த வாரத்தைக் கணிக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வழியில் நெற்பரப்பைக் கணித்து வந்துள்ளன. குறைகளும் உண்டு. புழுதியில் நேரடி விதைப்பு செய்த வயலில் இந்த அடையாளம் மங்கலாகிவிடும். ஒரு மா, அதாவது 33 சென்ட் நிலம், ஏறத்தாழ 20 மீட்டர் தெளிவுள்ள படத்தில் மூன்று நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வரப்போரக் கட்டம் பக்கத்து வயலோடு கலந்துவிடும்.

அடங்கலின் பலம் சர்வே எண். மானிய விதை யாருக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். போன ஆண்டுப் பதிவையே படியெடுத்துவிடும் பழக்கம் இருக்கும் இடங்களில், பயிர்ப் பெயரைக்கூட ரேடாரோடு ஒத்துப் பார்த்த பிறகே நம்பலாம். விதைப்பு நாளுக்கு அதை நம்புவதற்கில்லை.

எனவே ரேடார் முதலிலும், அடங்கல் அடுத்தும், மண் வரைபடம் கடைசியிலும் வர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வயலில் நிற்பது 155 நாள் சி.ஆர். 1009 நெல் ரகமா, அதைவிடக் குறுகிய வயதுடையதா என்பதை நடவுத் தேதி சொல்லாது. அதை உதவி வேளாண் அலுவலரிடம் கேட்டுத்தான் அறுவடை வாரத்தைக் கணக்கிட வேண்டும். அறுவடைக்குச் செயின் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம், இறங்குமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் முளைத்த உளுந்தை அது மிதித்துவிடும் வயல்களுக்கு விதை ஒதுக்குவது வீண்.