1/72 டயோரமாவுக்குத் தரை: பிளாஸ்டரா, காகிதக் களிமண்ணா, நுரைப் பலகையா?

டயோரமா என்றால் மாடல்களைத் தரையோடு சேர்த்து அமைக்கும் சிறு காட்சி. 1/72 ஸ்கேலில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவில், சோவியத் டி-34/85 டாங்கியின் உடல் எட்டு செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நிஜத்தில் அது 32 டன். அந்தக் கனத்தைக் கண்ணுக்குக் காட்டுவது பெயின்ட் அல்ல, டிராக்குக்கு (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டைக்கு) அடியில் இருக்கும் மண். ஈர நிலத்தில் டாங்கி 10 செ.மீ. புதையும் என்றால், மாடல் 1.4 மி.மீ. புதைந்திருக்க வேண்டும். மேலாக உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் பூசியிருந்தாலும் மேசைமேல் வைத்த பொம்மைதான். அதனால் தரைக்கான பொருளிடம் முதலில் பார்க்க வேண்டியது, வண்டியை அழுத்திப் பதிக்க அது எவ்வளவு நேரம் தருகிறது என்பதை. விலை, எடை எல்லாம் அப்புறம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அந்த நேரத்தைத் தராது. 100 கிராம் தூளுக்கு 60 முதல் 70 மி.லி. தண்ணீர். தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். கெட்டித் தயிர் பதத்தில் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். அதற்குள் ஒரு வண்டியைப் பதிக்கலாம். கூடவே ஐந்து வீரர்களையும் நிறுத்துவது நடக்காது. முன்பு கலக்கிய கிண்ணத்தைக் கழுவாமல் மறுபடி கலந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும், ஒட்டியிருக்கும் பழைய துகள்களே உறைதலைத் தூண்டிவிடும். விளிம்பு பெயர்ந்தால் வெள்ளை பல்லிளிக்கும். கலக்கும் தண்ணீரிலேயே பழுப்பு அக்ரிலிக் சேர்த்துவிடுவது நல்லது.

ஆனால் கல் பாவிய தெருவுக்கும் இடிந்த சுவருக்கும் பிளாஸ்டரை அடிக்க வேறொன்று இல்லை. இறுகியபின் ஈரம் போகுமுன் ஊசியால் கீறினால் 1.4 மி.மீ. கற்கள் கூர்மையாக வரும். தெருவில் டிராக் புதைய வேண்டியதும் இல்லை.

மண் சாலை, வயல், சேறு என்றால் காகிதக் கூழ் கலந்து காற்றில் காயும் காகிதக் களிமண்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் இளகியே இருக்கும். ஈரத் துணி போட்டு மூடினால் இன்னும் நீளும். களிமண்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, வண்டியை வைத்து, இரு பக்க மட்கார்டுகளிலும் ஒரே சீராக அழுத்துங்கள். பீரங்கிக் குழலையும் அதைத் தாங்கிச் சுழலும் டரட்டையும் தொடக்கூடாது. வண்டியை எடுத்து, தாளை உரித்தால் அச்சுக் குழி கிடைக்கும். பின்னால் நீளும் தடத்துக்கு, மீந்த டிராக் துண்டை இழுக்காமல், ஒற்றி எடுத்து ஒற்றி எடுத்துப் பதியுங்கள். இழுத்தால் கண்ணிகளின் அச்சு மழுங்கி வெறும் பள்ளமாகிவிடும். டி-34/85 டிராக்கின் அகலம் 500 மி.மீ., மாடலில் 7 மி.மீ.; தடமும் அதே அகலம் இருக்க வேண்டும். வண்டி திரும்பிய இடத்தில் வெளி ஓரமாக மண் குவிந்திருக்கும், ஈரத் தூரிகையால் தள்ளிவிட்டால் போதும்.

களிமண்ணின் குறை சுருக்கம். மேற்பரப்பு முந்திக் காய்ந்துவிட, உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது வெடிக்கும். 3 மி.மீ.க்கு மேல் ஒரே பூச்சாகப் போடாதீர்கள், கொஞ்சம் வெள்ளைப் பசையைப் பிசைந்துவிடுங்கள். டிராக்கைச் சுற்றி மயிரிழை இடைவெளி வந்தால் அதே கலவையை நீர்க்கக் கரைத்துத் தூரிகையால் நிரப்பலாம். 3 மி.மீ. பிளைவுட்டில் நேரடியாகப் பூசினால் பலகையே வளையும். இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்த பிறகே பூச வேண்டும்.

நெருக்கமான நுரைப் பலகையின் பலம் உயரம். ஆளுயரப் பதுங்குகுழி, அதாவது 1.8 மீட்டர் ஆழம், இந்த ஸ்கேலில் 25 மி.மீ. அவ்வளவு கனத்துக்குக் களிமண் வெடிக்கும், பிளாஸ்டர் பாரமாகும்: 20×15 செ.மீ. பரப்பில் 1 செ.மீ. பிளாஸ்டரே 350 கிராம் வரும், அதே அளவு நுரை சுமார் 10 கிராம். நுரையில் மண்ணின் முகம் மட்டும் வராது, அழுத்தினால் பஞ்சுபோல் குழியும். சூப்பர் குளூவும் ஸ்ப்ரே ப்ரைமரும் பட்ட இடம் கரைந்து ஓட்டையாகும், ஆகவே வெள்ளைப் பசை மட்டும். சூட்டுக் கம்பியால் வெட்டினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இந்த மூன்றில் ஒன்றை மட்டும் நம்பாமல், கீழே நுரையைச் செதுக்கி மேலே 3 மி.மீ. களிமண் பூசுவதே 1/72க்கு நிறைவாக வருகிறது. வீரர்களுக்கும் அதுதான் தோது. காலடியில் ஒட்டியிருக்கும் அச்சுத் தட்டை வெட்டி நீக்கி, குதிகாலில் 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி செருகி, களிமண் ஈரமாக இருக்கும்போதே பூட்ஸ் அரை மி.மீ. புதையும்படி குத்திப் பார்த்து எடுத்துவிடுங்கள். காய்ந்தபின் அந்தத் துளையிலேயே ஒட்டலாம். மென் பிளாஸ்டிக் டிராக்கின் நுனிகள் தூக்கிக்கொண்டால், உடலை மூடுமுன் உள்ளே ஒரு நட்டை எபாக்ஸியால் ஒட்டி, தரைக்கு அடியிலிருந்து திருகால் இழுத்துப் பிடிக்கலாம்.

மேலே தூவுவதிலும் ஸ்கேல் உண்டு. 1 மி.மீ. மணல், 7 செ.மீ. கல்லாகத் தெரியும், சலித்த பொடிதான் மண். 2 மி.மீ. புல் 14 செ.மீ.க்குச் சமம்; 6 மி.மீ. புல் 24 மி.மீ. உயர வீரனின் முழங்கால்வரை வந்துவிடும். டிராக் தடத்துக்குள் புல்லை நட்டமாக நிற்க விடாதீர்கள், பசை காயுமுன் வண்டி போன திசையில் படுக்க வைத்துவிடுங்கள்.