3 எழுத்து முகவரி 19 எழுத்தான கதை: ஒரு சபையின் இணையதளம் குறித்து

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை உலகம் 'மார்மன் சபை' என்றே அறியும். அதன் இணையதளத்துக்குள் நுழைய முன்பு 'லேட்டர் டே செயின்ட்ஸ்' (பிற்காலப் பரிசுத்தவான்கள்) என்பதன் சுருக்கமான எல், டி, எஸ் என்ற 3 ஆங்கில எழுத்துகள் போதுமானவையாக இருந்தன. 2019 மார்ச்சில் புதிய முகவரி அறிவிக்கப்பட்டபோது, புள்ளிக்கு முன்னால் மட்டும் அது 19 எழுத்துகளாக நீண்டது. பழைய முகவரியைத் தட்டினாலும் தளம் புதிய இடத்துக்கே கொண்டு சேர்த்துவிடுவதால் பயனருக்கு இழப்பு எதுவுமில்லை. உறுப்பினர்களுக்கான 'எல்.டி.எஸ். டூல்ஸ்' செயலியும் இப்போது 'மெம்பர் டூல்ஸ்' என்றே வழங்குகிறது.

இத்தனைக்கும் காரணம், அன்றைய சபைத் தலைவர் ரஸ்ஸல் எம். நெல்சன் 2018 ஆகஸ்ட் 16 அன்று வெளியிட்ட அறிக்கை. 'மார்மன்' என்ற பட்டப்பெயரையும் 'எல்.டி.எஸ்.' என்ற சுருக்கத்தையும் தவிர்த்து, 1838ஆம் ஆண்டு வெளிப்பாட்டில் அருளப்பட்டதாக அவர்கள் நம்பும் முழுப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சபையின் புகழ்பெற்ற பாடகர் குழுவும் அதே ஆண்டு அக்டோபரில் தன் பெயரிலிருந்து 'மார்மன்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது.

உறுப்பினர்கள் இதை ஒரே மனத்தோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. "நீங்கள் கிறிஸ்தவர்கள்தானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே சலித்துப்போனவர்கள் நிம்மதி அடைந்தார்கள். அடுத்த வீட்டுக்காரரிடம் 8 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பெயரை எப்படிச் சொல்லி முடிப்பது என்று சிலர் சிரித்தார்கள். மிகுதியாக வருந்தியவர்கள், 2010இல் சபையே தொடங்கிய 'நான் ஒரு மார்மன்' விளம்பர இயக்கத்தை நம்பித் தங்கள் படத்தையும் வாழ்க்கைக் குறிப்பையும் பொதுவில் வைத்தவர்கள்தாம். நேற்றுவரை பெருமையோடு சொல்லச் சொன்ன பெயரை இன்று தவறு என்றால் மனம் சுருங்கத்தானே செய்யும்?

தளத்தின் உண்மையான மதிப்பு அதன் உரைக் காப்பகத்தில்தான் இருக்கிறது. 1971 முதல் சபையின் பொது மாநாடுகளில் தலைவர்கள் ஆற்றிய உரைகளைக் கட்டணமோ கணக்கோ இல்லாமல் ஆங்கிலத்தில் படிக்கலாம். 1990 ஏப்ரலில் அன்று அப்போஸ்தலர் என்ற உயர் பொறுப்பில் இருந்த நெல்சன் சரியான பெயரை வலியுறுத்திப் பேசிய உரையும், அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு மூத்த தலைவரான கார்டன் பி. ஹிங்க்லி, 'மார்மன்' என்றால் 'மோர் குட்', அதாவது 'கூடுதல் நன்மை' என்று பொருள்படும்படி வாழ்ந்து காட்டுவோம் என்று பேசிய உரையும் அங்கே இருக்கின்றன. பட்டப்பெயரை ஏற்பது சாத்தானுக்குக் கிடைக்கும் பெரும் வெற்றி என்று நெல்சன் 2018 அக்டோபரில் பேசியதும் அதே காப்பகத்தில் உள்ளது. சங்கடம் தரும் பழைய பேச்சைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும் நிறுவனங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்த நேர்மை பெரிதாகத் தெரிகிறது. உறுப்பினர்களின் குழப்பத்துக்கு வேர் எங்கே என்பதையும் இம்மூன்று உரைகளே காட்டிவிடுகின்றன.

தமிழ்ப் பெயரில் ஒரு சுவாரசியம் உண்டு. கிறிஸ்துவின் பெயர் மறைந்துபோகக் கூடாது என்பதே நெல்சனின் கவலை. ஆனால் தமிழின் சொல்வரிசைப்படி 'பிற்காலப் பரிசுத்தவான்கள்' முன்னே வந்துவிட, கிறிஸ்து பின்னால் நிற்கிறார்.

எந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும், தளத்திலுள்ள நடைக் கையேடு ஓரிடத்தில்தான் தடுமாறுகிறது. சபையின் வேதநூலான மார்மன் நூல், 19ஆம் நூற்றாண்டில் சபையினர் மேற்கே குடிபெயர்ந்த வழியான மார்மன் பாதை போன்ற வழக்குகளை அது அனுமதிக்கிறது. 'மார்மனிசம்' என்பதற்கு மாற்றாக 'மீட்டெடுக்கப்பட்ட நற்செய்தி' என்ற பொருளில் ஒரு தொடரைத் தருகிறது. கோட்பாட்டுக்கு அது பொருந்தலாம். சபையினர் நிறைந்த யூட்டா மாநிலத்துச் சாவு வீடுகளில் பரிமாறப்படும் உருளைக்கிழங்குப் பதார்த்தத்தையும் வண்ண வண்ண ஜெல்லியையும் நற்செய்திக் கணக்கில் சேர்ப்பது எப்படி? அந்தப் பண்பாட்டுக்கு உறுப்பினர்களிடம் இருந்த ஒரே சொல் பறிபோனதற்கு ஈடாக எதையும் தராததால், என் மதிப்பெண் 5க்கு 4.