எங்கள் சிப்ஸ் வண்டிக்கு இரண்டாவது ஸ்டிக்கர்

தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு செய்து பேக்கரிகளுக்குப் போடுகிறோம். வண்டி ஒரு டாடா ஏஸ், பின்னால் மூடிய பெட்டி கட்டியது. ஒரு நாள் மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் பாறசாலை வரை போகும். மறுநாள் நாகர்கோவில், அஞ்சுகிராமம். இவ்வளவு ஓடுகிற வண்டி வெறும் வெள்ளையாகப் போகிறதே என்று போன வருடம் ஒரு இடத்தில் கொடுத்து விளம்பரம் ஒட்டினேன். ஆறே மாதத்தில் அதை உரிக்க வேண்டி வந்தது.

பதினான்கு பண்டத்துக்கும் படம் வேண்டும் என்று கேட்டது நான்தான். கேட்டதையெல்லாம் அப்படியே போட்டுக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரில் பார்க்கும்போது மனசு நிறைந்தது. வண்டியில் ஏறியதும் போன் நம்பர் பின்கதவின் பூட்டுக் கம்பிக்கு நேராகப் போய் விழுந்தது. 8 பாதி மறைந்து 3 மாதிரித் தெரியும். ஒரு பேக்கரிக்காரர் மூன்று தடவை வேறு யாருக்கோ அடித்துவிட்டு, அப்புறம் டிரைவரை வழியில் நிறுத்திக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டார், கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. ஆனி, ஆடி மழை முடிந்தபோது பக்கவாட்டில் முழுக்கக் கொப்புளம்.

இந்த முறை போனது நாகர்கோவிலில் உள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர் கடைக்கு. டிசைன் செய்கிற தம்பி கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கீல், கம்பி, ரிவெட், பின்னால் ஒட்டியிருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை எல்லாவற்றையும் அளந்து போட்டோ எடுத்தார். பக்கத்து மஞ்சள் பட்டையையும் பின்பக்கச் சிவப்புப் பட்டையையும் மறைக்கக் கூடாது, எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகும்போது பிரச்சினை வரும் என்றார். முன்பக்கத்தை முழு மஞ்சளாக்கலாமா என்று கேட்டேன். வண்டியின் நிறமே மாறினால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும், வெள்ளை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அதில் கூடுதல் காசு வந்திருக்கும்.

அப்புறம் என் பதினான்கு படங்களைப் பார்த்துவிட்டு, "எக்கா, இதுல எதைப் பாத்து ஆளுவ உங்களைக் கூப்பிடணும்?" என்று கேட்டார். நான் கொஞ்ச நேரம் யோசித்து, ஏத்தங்காய் சிப்ஸ் என்றேன். மீதிப் பதின்மூன்றும் போயின. ஒரு வாழைக்காய்ச் சீவலின் படம் மட்டும், பெட்டியின் பக்கம் முழுக்க, நல்ல பெரிதாக.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் எழுத்தைப் பார்த்த விதம். "ஏத்தங்காய் சிப்ஸ்" என்பதை மூன்று எழுத்துருவில் நிஜ அளவிலேயே காகிதத்தில் அடித்து ஷட்டரில் ஒட்டி, என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். நான் ஆசைப்பட்டிருந்த வளைவு எழுத்தில் த், ங், ய், ப், ஸ் ஐந்தின் புள்ளியும் காணாமல் போய்விட்டன. சி-யின் கொக்கி மேல்வரியில் போய் இடித்தது. தமிழில் மேலே புள்ளி, கொக்கி, கீழே சுழி என்று எல்லாப் பக்கமும் இடம் வேண்டும். ஆங்கில எழுத்துக்கு வைக்கிற வரி இடைவெளி நமக்குப் போதாது. பத்தடி தூரத்துக்கு ஓரங்குல உயரம் என்பது போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்காம். பின்னால் நாற்பதடியில் வருகிறவருக்கு நாலங்குலம் போதும் என்றாலும், தமிழுக்கு ஐந்தரை வைத்தார். தடித்த, நேரான எழுத்து, மஞ்சளில் கறுப்பு. களியக்காவிளை தாண்டிப் போகிற வண்டி என்பதால் கீழே மலையாளத்தில் ஒரு சொல். போன் நம்பர் பின்பக்க இடதுகதவில் மட்டும், கம்பிக்கும் கீலுக்கும் இடையே, ஐந்து ஐந்தாகப் பிரித்து இரண்டு வரியில்.

இரண்டு நாள் என்று சொல்லி நான்கு நாள் ஆக்கினார்கள். அதில் ஒரு நாளுக்குக் காரணம் உண்டு. அச்சடித்த வினைலின் (ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் தாளின்) மை ஒரு நாள் காய்ந்தபிறகுதான் மேலே லேமினேஷன் போட வேண்டும், இல்லாவிட்டால் மையில் உள்ள கரைப்பான் உள்ளேயே நின்று ஸ்டிக்கரின் பசையைக் கெடுத்துவிடும். முதலில் போட்ட இடத்தில் காலையில் அடித்து மத்தியானமே ஒட்டினார்கள். மீதி ஒரு நாள் வெறும் தாமதம்தான். அன்று பாறசாலை லைனுக்கு வாடகை வண்டி பிடித்தேன். முன்கூட்டியே ஒரு போன் செய்திருக்கலாம்.

ஒட்டும்போது கூடவே நின்றேன். பழைய பசையைத் துடைத்து எடுக்கவே அரை நாள் ஆனது. ஓரத்தில் துணி ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து வெளியே தேய்த்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு ரிவெட் தலையிலும் ஹீட் கன் காட்டி, விரலால் சுற்றி அழுத்தினார்கள். பின்கதவு இரண்டுக்கும் சேர்த்து ஒட்டி, இடைவெளியில் பிளேடு ஓட்டி, அரை அங்குலத்தை உள்பக்கமாக மடித்துச் சூடு வைத்தார்கள். தட்டையான பெட்டிக்குச் சாதாரண வினைல். வளைவுள்ள முன்கதவுகளுக்கு மட்டும் காஸ்ட் வினைல். மெல்லியது, வளைவில் இழுத்து ஒட்டினாலும் திரும்பச் சுருங்காது.

கணக்கு: பெட்டி 95 சதுர அடி, அடிக்கு 90 ரூபாய். காஸ்ட் 20 சதுர அடி, அடிக்கு 220. டிசைன் 1,500. மொத்தம் 14,450. முதலில் போட்டதைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு.

மூன்றாவது மாதம் வலது பக்கம் கீழ்வரிசை ரிவெட் ஒன்றில் லேசாகத் தூக்கியது. உள்ளே துரு. வண்டியைக் கொண்டுபோனதும் துருவைச் சுரண்டி, சின்னத் துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. பிரஷர் பம்பை ஓரத்தில் பிடிக்க வேண்டாம் என்று டிரைவரிடமும் சொன்னார்கள். கடற்கரை ரோட்டில் போய்வந்தால் அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் கருங்கலில் இருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் கூப்பிட்டார். நம்பர் எங்கே கிடைத்தது அண்ணே என்று கேட்டேன். "மார்த்தாண்டத்துல உங்க வண்டிக்குப் பின்னாலதான் நிக்கேன், வண்டி நகரதுக்குள்ள சொல்லுங்க, முப்பது கிலோ கிடைக்குமா?" என்றார்.