தாழ்சர்க்கரைக்குக் காவல்: சென்சாரா, விரல் குத்தலா?

இன்சுலின் போடுபவருக்குத் தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால், விரலில் குத்தி அளக்கும் குளூக்கோமீட்டர் எழுப்பாது. கையில் ஒட்டித் தொடர்ந்து சர்க்கரையை அளக்கும் சென்சாரோடு இணைந்த கைப்பேசி எழுப்பும். தைப்பூசத்தன்று சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பவருக்கு, எண்ணைவிட, சர்க்கரை இறங்குவதைக் கைப்பேசியில் காட்டும் அம்புக்குறியே உதவும்.

அலாரத்தை லிட்டருக்கு 4.0 மில்லிமோலில் வைக்காமல் 4.5-இல் வைப்பது நல்லது. சென்சார் அளப்பது தோலடித் திரவத்தை. இரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கும். புளூடூத் அணைந்தால் அலாரம் ஊமை. சென்சார் ஒட்டிய கைமேல் படுத்தால் பொய்த்தாழ்வு காட்டும்.

சந்தேகமா? விரலில் குத்திப் பாருங்கள். மாம்பழம் தொட்ட கையைக் கழுவாவிட்டால் அதுவும் கூட்டிக் காட்டும்.

4.0-க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனி கரைத்த நீர். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் மறுசோதனை, விரலில்தான். சென்சார் அப்போதும் பழைய தாழ்வையே காட்டிக் கூடுதலாகக் குடிக்க வைக்கலாம்.