விற்றால் மட்டும் கமிஷன் என்று வருபவர்களிடம் கையெழுத்துப் போடும் முன்

சென்னிமலையில் பெட்ஷீட், போர்வை, துண்டு விற்கும் சின்ன ஆன்லைன் கடை எங்களுடையது. சொந்த வெப்சைட். நானும் மனைவியும், பேக்கிங்குக்கு இரண்டு பேரும்தான். போன ஆடி மாதம் ஒரு அஃபிலியேட் நெட்வொர்க்கோடு, அதாவது மற்றவர்கள் தளங்களில் நம் கடை லிங்கைப் போட வைத்து ஆள் அனுப்புகிற இடைத்தரகுக் கம்பெனியோடு, ஒப்பந்தம் போட்டோம். தீபாவளி முடிந்து கணக்குப் பார்த்தபோது ஜிஎஸ்டியோடு சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் போயிருந்தது. இப்போது அதே மாதிரி ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற கடைக்காரர் யாராவது இருந்தால், தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டு முடிவு எடுங்கள்.

நெட்வொர்க்கின் பெயரை நான் போடவில்லை. வக்கீல் வேண்டாம் என்றார். எனக்கு நடந்தது ஒரு கம்பெனியால் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை.

பேசிய தம்பி நன்றாகவே பேசினார். "சார், பேப்பர்ல விளம்பரம் கொடுத்தா விக்குதோ இல்லையோ காசு போயிடும். இதுல அப்படி இல்ல. எங்க பார்ட்னருங்க அவங்கவங்க தளத்துல உங்க லிங்கைப் போடுவாங்க. அது வழியா ஆள் வந்து வாங்கினாத்தான் நீங்க கமிஷன் தரணும். விக்கலைன்னா ஒரு ரூபா தர வேண்டாம்." கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. தொழிலும் புதிதில்லை. அமேசான் 1996 ஜூலையிலேயே இதைத் தொடங்கிவிட்டது. புத்தகத்தைப் பற்றித் தன் தளத்தில் எழுதுகிறவர் லிங்க் கொடுப்பார், விற்றால் அவருக்குப் பங்கு. நம் ஊரில் வாங்குகிறவரைக் கடைக்கு அழைத்து வருகிற தரகருக்குக் கொடுக்கிற மாதிரிதானே என்று நினைத்தேன்.

சேருவதற்கு 25,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. முதல் மாதம் "ஆட்களுக்கு உங்க கடை பழகணும்" என்று சொல்லி, கிளிக்குக்குப் பணம் தருகிற முறையில் போட்டார்கள். சிபிசி என்பார்கள். ஒரு கிளிக்குக்கு 3 ரூபாய். 4,200 கிளிக் வந்தது, 12,600 ரூபாய் போனது, ஆர்டர் ஆறு. பாதிக்கு மேல் ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் வந்த கிளிக். பக்கத்தைத் திறந்தவர்கள் ஒரு விரற்கடை கூடக் கீழே நகர்த்திப் பார்க்கவில்லை. அடுத்தது சிபிஎல், அதாவது ஃபார்ம் நிரப்பி நம்பர் தருகிற ஒவ்வொருவருக்கும் காசு. நம்பருக்கு 40 ரூபாய், 310 நம்பர். என் மனைவி மூன்று நாள் உட்கார்ந்து எல்லாருக்கும் போன் போட்டாள். "ரீசார்ஜ் கூப்பன் கிடைக்கும்னு நம்பர் கொடுத்தேங்க, பெட்ஷீட்டுன்னு யாரும் சொல்லலையே" என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். இந்த இரண்டும் பழைய மோசடிகள். கிளிக்குக்கோ நம்பருக்கோ காசு என்றால் கிளிக்கும் நம்பரும் செய்து தர ஆள் இருக்கத்தான் செய்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது முறையைப் பற்றி. விற்பனைக்கு மட்டும் பணம், சிபிஎஸ். எல்லாரும் பாதுகாப்பானது என்று சொல்வது இதைத்தான். எனக்குப் பெரிய அடி விழுந்ததும் இதில்தான்.

பேசியது 12 சதவீதக் கமிஷன். அதன் மேல் நெட்வொர்க்குக்கு, அந்தக் கமிஷனில் 30 சதவீதம் தனியாக. 1,100 ரூபாய் பெட்ஷீட்டுக்கு எங்களுக்கு நிற்கிற லாபம் சுமார் 275 ரூபாய். கூப்பனில் 10 சதவீதம் தள்ளுபடி என்றால் 110 போய்விடும். மீதி 990-க்கு 12 சதவீதம் 118 ரூபாய் 80 காசு, நெட்வொர்க் பங்கு 35 ரூபாய் 64 காசு. இதெல்லாம் போக எங்கள் கையில் நிற்பது பத்து ரூபாய் சொச்சம். ஜிஎஸ்டி தனி. புது வாடிக்கையாளர் வருகிறாரே, அடுத்த தடவை நேராக வாங்குவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒப்புக்கொண்டோம். தீபாவளி வரை நெட்வொர்க்கின் டேஷ்போர்டில், அதாவது அவர்கள் கணக்குக் காட்டுகிற பக்கத்தில், 640 ஆர்டர் ஏறியது. கமிஷனும் பங்கும் 98,800 ரூபாய். வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

தீபாவளி கழித்து, திரும்பி வந்த பார்சல்களைச் சரிபார்க்க ஆர்டர் பட்டியலையும் அவர்கள் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பில்லில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. கோயம்புத்தூர் பீளமேட்டு டீச்சரம்மா. வெப்சைட் ஆரம்பித்த நாளிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வாங்குகிறவர். அவரை அழைத்து வந்ததாக ஒரு கூப்பன் தளத்துக்கு, அதாவது கடைகளின் தள்ளுபடிக் கூப்பன்களைப் பட்டியல் போடுகிற ஒரு பார்ட்னருக்கு, நான் கமிஷன் கொடுத்திருக்கிறேன்.

அவர் ஆர்டரின் பதிவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். இரவு 8:02-க்கு எங்கள் முகப்புப் பக்கத்துக்கு நேராக வந்திருக்கிறார். 8:11-க்கு இரண்டு டபுள் பெட்ஷீட்டைக் கூடையில் போட்டிருக்கிறார். 8:16-க்கு அஃபிலியேட் கிளிக். 8:17-க்குப் பணம் கட்டி முடித்துவிட்டார். கூடை நிறைந்த பிறகு, பணம் கட்டுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒருவர் எப்படி அவரைக் கடைக்கு "அழைத்து வர" முடியும்?

போன் போட்டுக் கேட்டேன். "நான் உங்க கடைப் பேரைத்தான் போட்டு வந்தேன் கண்ணு. பணம் கட்டற எடத்துல கூப்பன் இருக்கான்னு ஒரு கட்டம் கேட்டுச்சு. பேரன்தான் கூகுள்ல தேடிப் பாக்கலாம் பாட்டின்னான். கூப்பனைக் காட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, தட்டினோம். அது வேலையே செய்யல. சரி போகட்டும்னு முழுப் பணத்தையும் கட்டிட்டேன். ஏங்கண்ணு, ஏதாச்சும் தப்பாயிடுச்சா?" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

நடந்தது இதுதான். அந்த "கூப்பனைக் காட்டு" பொத்தானைத் தொட்டதும் எங்கள் தளம் இன்னொரு பக்கமாகத் திறக்கும். கூடவே பார்ட்னரின் குக்கி, அதாவது இந்த ஆளை நான்தான் அனுப்பினேன் என்கிற அடையாளச் சீட்டு, வாடிக்கையாளரின் போனில் உட்கார்ந்துவிடும். கூப்பன் உண்மையா பொய்யா என்பது முக்கியமே இல்லை. கடைசியாக யார் லிங்கைத் தொட்டாரோ அவருக்கே முழுக் கமிஷன் என்பது ஒப்பந்தத்தில் இருந்த விதி. பெரும்பாலான நெட்வொர்க்குகளில் இதுதான் விதி. அந்தச் சீட்டு எங்கள் ஒப்பந்தத்தில் 30 நாள் உயிரோடு இருக்கும். அமேசானே பொதுவாக 24 மணி நேரம்தான் கொடுக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

640 ஆர்டரையும் மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். 171 ஆர்டர் கேஷ் ஆன் டெலிவரியில் போய், வாங்க ஆளில்லாமல் திரும்பியவை. மீதி 469-இல் 288 பேரின் நம்பர் ஏற்கெனவே எங்கள் கணக்கில் இருந்தது. பழைய வாடிக்கையாளர்கள். என் சொந்த ஆட்களையே எனக்கு விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. சென்னையில் இருக்கிற மச்சான் ஒரு நாள் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கூகுளில் எங்கள் கடைப் பெயரைத் தேடினால் எங்களுக்கும் மேலே எங்கள் பெயரிலேயே ஒரு விளம்பரம். தொட்டால் எங்கள் தளம்தான் வருகிறது, பார்ட்னர் லிங்க் வழியாக. சென்னிமலையில் நான் எத்தனை தடவை தேடியும் அது வரவில்லை. ஈரோட்டில் நண்பனைத் தேடச் சொன்னேன், வரவில்லை. கடைக்காரன் இருக்கிற மாவட்டத்தை விட்டுவிட்டு மற்ற ஊர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டுகிற வசதி இருக்கிறது. அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இது சின்னக் கடைக்காரனின் அறியாமை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஈபே என்கிற ஆன்லைன் சந்தையின் முதன்மை அஃபிலியேட்டாக இருந்த ஷான் ஹோகன், விளம்பரத்தைத் தொடாத ஆட்களின் கம்ப்யூட்டரிலும் குக்கியைத் திணித்துக் கமிஷன் வாங்கினார். ஈபே அவருக்குக் கொடுத்த மொத்தம் சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலர். 2008-இல் ஈபே வழக்குப் போட்டது. பிறகு குற்ற வழக்கில் ஒப்புக்கொண்டு 2014-இல் 5 மாதச் சிறைத் தண்டனை வாங்கினார். ஈபே இருந்த சான் ஹோசே, நெட்வொர்க் இருந்த சாண்டா பார்பரா இரண்டு ஊர் ஆட்களை மட்டும், குக்கியைத் திணித்த அவருடைய நிரல் (புரோகிராம்) தொடாமல் விட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. அதைப் படித்தபோது மச்சான் அனுப்பிய படம்தான் ஞாபகம் வந்தது.

எனக்குச் சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். கூப்பன் தளங்கள் ஓடிக்கொண்டிருந்த பத்து நாளில் கடையில் மொத்தம் 94 ஆர்டர், அதில் 41 தாங்கள் கொண்டுவந்தது என்று அவர்கள் கணக்கு. அடுத்த பத்து நாள் அவர்களை மட்டும் நிறுத்தி வைத்தேன். 91 ஆர்டர் வந்தது. 41 பேரைக் கொண்டுவந்தவர்கள் போனால் மூன்று ஆர்டர்தான் குறையுமா?

திரும்பிய பார்சல்களுக்கும் கமிஷன் ஏன் என்று கேட்டேன். ஆர்டர் வந்த 30 நாளுக்குள் நாமே டேஷ்போர்டில் போய் ஒவ்வொன்றாக நிராகரிக்க வேண்டுமாம், இல்லையென்றால் தானாக ஒப்புதல் ஆகிவிடுமாம். ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்தது. கூரியர் மூன்று தடவை முயற்சி செய்து, பார்சல் எங்கள் கைக்குத் திரும்பி வரவே பண்டிகை நேரத்தில் 25 நாள் ஆகிறது. பழைய வாடிக்கையாளர் விஷயத்துக்கு அந்தத் தம்பி சொன்ன பதில், "சார், இண்டஸ்ட்ரி முழுக்க அப்படித்தான்." அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

எல்லா அஃபிலியேட்டும் திருடர் என்று நான் சொல்லவில்லை. மதுரையில் வீட்டுப் பராமரிப்பு பற்றி எழுதுகிற ஒரு சகோதரி எங்கள் போர்வையை வாங்கி, ஆறு தடவை துவைத்து, சாயம் போகிறதா என்று படம் பிடித்துப் போட்டிருந்தார். அவர் வழியாக வந்தவை 23 ஆர்டர், திரும்பியது ஒன்றே ஒன்று. எல்லாரும் புது ஆட்கள். அவருக்கு எவ்வளவு போனது என்று பார்த்தால் ஒன்பது ஆர்டருக்கு மட்டும். மற்ற 14 பேரும் கடைசி நிமிஷத்தில் கூப்பன் தேடியிருக்கிறார்கள், கமிஷன் அங்கே போய்விட்டது. நான் பணம் கொடுத்திருக்கிறேன், உழைத்தவருக்குப் போகவில்லை. எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது இந்த இடம்தான். இப்போது அவர் பெயரிலேயே ஒரு கூப்பன் குறியீடு கொடுத்திருக்கிறோம். அந்தக் குறியீட்டைப் போட்டு வாங்கி, பார்சல் கையில் சேர்ந்து, திருப்புகிற நாளும் முடிந்த பிறகு மாதம் ஒரு தடவை நேராக அவர் கணக்குக்கு அனுப்புகிறோம். நடுவில் யாரும் இல்லை.

அஃபிலியேட் வேண்டும் என்றே முடிவு செய்தால், கையெழுத்துக்கு முன்னால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். கமிஷன் டெலிவரி ஆன ஆர்டருக்கா, வெறும் ஆர்டருக்கா? ஏற்கெனவே வாங்கியவர் திரும்ப வந்தால் கமிஷன் உண்டா? கூப்பன் தளங்களையும், பிரவுசரில் கூப்பன் தேடித் தருகிற நீட்சிகளையும் (எக்ஸ்டென்ஷன்) விலக்கி வைக்க முடியுமா? கடைப் பெயரில் விளம்பரம் போடக்கூடாது என்ற தடை இருக்கிறதா, மீறினால் என்ன? ஒவ்வொரு ஆர்டருக்கும் எந்தப் பார்ட்னர், கிளிக் நேரம் என்ன என்ற விவரம் தருவார்களா? தரமாட்டோம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், பணம் கட்டும் பக்கத்தில் அந்தக் கூப்பன் கட்டத்தைப் பெரிதாக வைக்காதீர்கள். நாங்கள் அதை ஒரு சின்ன வரிக்குள் மறைத்துவிட்டோம்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று நினைத்தேன். வணிக நோக்கத்துக்காக எடுத்த சேவை, அங்கே நிற்பது கஷ்டம் என்றார் வக்கீல். ஒப்பந்தப்படி தகராறு என்றால் மத்தியஸ்தர் முன்னால், அதுவும் வடக்கே அவர்கள் ஊரில். நோட்டீஸ் அனுப்பினோம். திரும்பிய 171 ஆர்டருக்கான 26,400 ரூபாயை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். அதையும் பணமாகத் தரவில்லை. அடுத்த விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவர்களுடைய வாலெட்டிலேயே வரவு வைத்திருக்கிறார்கள். பணமாகவே வேண்டும் என்று போன வாரம் இரண்டாவது நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.