மெத்தைக்கு அடியில் ஒரு கிடங்கு: மரமேடையோடு ஆறு வருடம்

படுக்கையறை மரமேடையில், மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் இரண்டை மாற்றி, ஒரு மூடியின் ஓரத்தைத் தேய்த்து முடித்த கையோடு எழுதுகிறேன். அதனால் சூடு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். மூவறை வீட்டுக்குச் சாவி வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "ரூம்ல மேடை போடலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். ஒரு வார்த்தையில் அடங்கவில்லை.

மேடை எப்படி இருக்கும் என்று வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுப் படங்கள் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்: அறையின் ஒரு பகுதியை மரத்தால் உயர்த்தி, மேலே மெத்தை, உள்ளே சாமான். இங்கே பேசுவது நாலறை வீட்டின் சின்னப் படுக்கையறையில் போட்ட மேடையைப் பற்றி. அறை ஏறக்குறைய 3 மீட்டருக்கு 3 மீட்டர். மேடை 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், 40 சென்டிமீட்டர் உயரம். முன் விளிம்பில் மூன்று டிராயர், பின்னால் 120க்கு 60 சென்டிமீட்டர் அளவில் நாலு மூடி. எல்லாம் 18 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே லாமினேட்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது. அந்த மூன்று டிராயரும் தங்கம். டிராயரை முழுதாக வெளியே விடும் ரன்னர் (சறுக்குத் தண்டவாளம்), 50 சென்டிமீட்டர் ஆழம். படுக்கை விரிப்பு, துண்டு, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை என்று தினமும் திறந்து மூடியும் ஒன்றுகூட ஆடவில்லை, தொங்கவில்லை. முன்னால் ஒரு மீட்டர் தரை மிச்சம் இருப்பதால் டிராயரை முழுக்க இழுத்தாலும் எதிரே ஆள் நிற்க அரை மீட்டர் கிடைக்கிறது. அந்த ஒரு மீட்டர் இல்லாத அறையில் டிராயர் போடாதீர்கள். பாதி இழுத்து, கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிருக்கும். எதிர்ச்சுவரில் அலமாரி இருந்தால் அதற்குத் தள்ளுகதவுதான். திறக்கும் கதவும் டிராயரும் ஒரே இடத்துக்கு மல்லுக்கட்டும்.

இன்னொன்று யாரும் எதிர்பார்க்காதது. 40 சென்டிமீட்டர் என்பது நாற்காலி உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. தீபாவளிக்குச் சொந்தபந்தம் கூடும்போது மேடை விளிம்பில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து முறுக்கு தின்கிறார்கள். வரவேற்பறை சோபாவை விட அங்கேதான் கூட்டம். இதை எந்த டிசைனரும் சொல்லி விற்றதில்லை.

சரி, மூடிக்கு வருவோம்.

குவீன் அளவு மெத்தை 152க்கு 190 சென்டிமீட்டர். மூடி ஒன்றின் அகலம் 120. மெத்தையை இந்தச் சுவரோடு ஒட்டினாலும், அந்தச் சுவரோடு ஒட்டினாலும், தலைமாட்டைத் திருப்பிப் போட்டாலும், நாலு மூடியில் மெத்தை படாத மூடி ஒன்றுகூட இல்லை. உள்ளே இருக்கும் பொங்கல் பானையை எடுக்க வேண்டுமென்றால் தலையணை, போர்வை, மெத்தை எல்லாம் நகர வேண்டும். மெத்தை முப்பது நாற்பது கிலோ. அதை ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர் குனிந்து உள்ளே தேட, இடையில் போன் அடிக்கும். இதனால் என்ன ஆகிறது? வருடத்துக்கு மூன்று தடவைதான் மூடி திறக்கிறது. மூன்று தடவை மட்டும் திறக்கும் இடத்தில் என்ன வைத்தோம் என்பது மறந்துபோகிறது. மறந்த பொருளையே தேக்கா கடைத்தெருவில் மறுபடியும் வாங்கி வருகிறோம். இடம் மிச்சம் பிடிக்கப் போட்ட மேடை!

இது தச்சு வேலையின் குறை இல்லை, வரைபடத்தின் குறை. தச்சருக்கான வரைபடத்தில் மேடை காலியாக இருக்கும், மூடிக் கோடுகள் அழகாகத் தெரியும். வாடிக்கையாளருக்குக் காட்டும் வண்ணப் படத்தில் மெத்தை இருக்கும், மூடிக் கோடு தெரியாது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மெத்தை அளவை முதலில் முடிவு செய்து, அதை வரைபடத்தில் வரைந்து, மெத்தைக்கு வெளியே விழும் பகுதியில் மட்டும் மூடி கேளுங்கள். மெத்தைக்குக் கீழே வருவதை முன்பக்க டிராயரின் ஆழத்தில் சேர்க்கலாம், அல்லது ஒன்றும் வைக்காமல் விட்டுவிடலாம். 91 சென்டிமீட்டர் சிங்கிள் மெத்தையை ஒரு பக்கச் சுவரோடு போடும் பிள்ளைகள் அறை என்றால் மறுபக்க மூடிகள் தாராளமாகத் திறக்கும். அங்கே மேடைக்கு அர்த்தம் உண்டு.

இப்போது ஸ்ட்ரட். மூடியைத் தாங்கிப் பிடிக்கும் அந்தக் கறுப்புக் குழாய்க்குள் இருப்பது அமுக்கி அடைத்த நைட்ரஜன். சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியத்தான் செய்யும், அது இயல்பு. மூடியைப் பாதி உயரத்தில், 45 டிகிரியில், விட்டுப் பாருங்கள். நின்றால் நல்லது, தானாக இறங்கினால் ஸ்ட்ரட்டின் ஆயுள் முடிந்தது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். விழுகிற மூடி விரலைப் பார்த்து விழாது.

120க்கு 60 அளவில் 18 மில்லி பிளைவுட் மூடி ஏறக்குறைய 8 கிலோ, இருபுறமும் லாமினேட் சேர்ந்தால் 9ஐத் தாண்டும். நீளப் பக்கத்தில் கீல் போட்ட அப்படிப்பட்ட மூடிக்கு 100 நியூட்டன் (தள்ளும் விசையின் அளவு) ஸ்ட்ரட் ஒரு ஜோடி சரியாக இருந்தது. குழாயின் மேலேயே '100N' என்று அச்சடித்திருக்கும். மாற்றும்போது அதே எண், அதே நீளம் வாங்குங்கள். நீளம் என்பது விரிந்த நிலையில் ஒரு முனைத் துளையின் நடுவிலிருந்து மறுமுனைத் துளையின் நடுவரை. "கொஞ்சம் பலமா இருக்கட்டுமே" என்று 150 போட்டால் மூடிய மூடி ஒரு விரல்கடை தூக்கியே நிற்கும். ஒவ்வொரு நாளும் கீலின் திருகாணியை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மூடி மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் அந்த ஒருநாள் சீக்கிரம் வரும். இன்னொரு கூத்து, தரைக்குப் போட்ட வினைல் பலகையையே மேடை மூடிக்கும் ஒட்டுவது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும்தான். மூடிக்குப் பல கிலோ ஏறுவதை ஸ்ட்ரட் வாங்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மாற்றுவது கஷ்டமில்லை. மூடியைத் திறந்து துடைப்பக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள். இதைச் செய்யாமல் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் மூடி தலையில் விழும். முனையில் சின்னக் கம்பி கிளிப் இருக்கும், தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் குமிழிலிருந்து கழன்று வரும். புதியதை மாட்டும்போது தடித்த குழாய் முனை மூடியில், மெல்லிய தண்டு முனை பெட்டிச் சுவரில் இருக்கட்டும். தண்டு கீழ்நோக்கி இருந்தால்தான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு வந்தவற்றில் ஒரு ஜோடி தலைகீழாகத்தான் மாட்டியிருந்தது, முதலில் செத்ததும் அதுதான். ஜோடியில் ஒன்று போனாலும் இரண்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் மூடி கோணிக்கொண்டு எழும்பும்.

திருகாணி ஓட்டை தளர்ந்திருந்தால் பெரிய திருகாணி போட்டு முரட்டுத்தனம் செய்ய வேண்டாம். பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் இறுக்கி, ஒருநாள் காயவிட்டு, மட்டமாக வெட்டி, மறுபடி சின்னத் துளையிட்டுத் திருகுங்கள். 18 மில்லி பலகைக்கு 16 மில்லி திருகாணிக்கு மேல் போனால் மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும்.

மூடி உரசுவதற்குக் காரணம் ஈரப்பதம். மூடிக்கும் மூடிக்கும் இடையே 2 மில்லி இடைவெளி விட்டிருந்தார்கள், படத்தில் பார்க்க மெல்லிய கோடாக நன்றாகவே இருந்தது. நவம்பர், டிசம்பர் மழையில் பிளைவுட் உப்பியதும் அந்தக் கோடு காணாமல் போனது. 3 முதல் 4 மில்லி கேளுங்கள். சரிசெய்வது என்றால் பலகை விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டையை, அதாவது எட்ஜிங்கை, உரித்து, ஒரு மில்லி தேய்த்து, புதிய எட்ஜிங் ஒட்ட வேண்டும். எட்ஜிங் இல்லாமல் விட்டால் அந்த விளிம்பே மறுபடியும் ஈரம் குடிக்கும்.

பூஞ்சையும் இதே கதைதான். பலகை மேல் நேராக மெத்தை போட்டால் உடம்பு வியர்வை கீழே போக வழியில்லை. ஏர்கான் ஓடி அறை குளிர்ந்து, காலையில் ஜன்னல் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே வரும். மெத்தையின் அடிப்பாகத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் வர அதிக நாள் ஆகாது. ஒவ்வொரு மூடியிலும் 30 மில்லி துளை ஆறு, முன்பலகையில் காற்றுச் சல்லடை, வெளிச்சுவர் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. இவை மூன்றும் விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். கைப்பிடிக்கு வளையம் வேண்டாம், கால் விரல் இடிக்கும். விரல் நுழையும் துளை போதும், அதுவே காற்றோட்டமும். ஏர்கானின் நீர்க்குழாய் அடைத்துக்கொண்டு சொட்டினால் தண்ணீர் மூடி இடுக்கு வழியாக நேரே பெட்டிக்குள் போகும். ஏர்கானை மேடைக்கு மேலே மாட்டாமல் இருப்பது உத்தமம்.

நண்பருக்காக இன்னும் சில, அவசரமாக. மேடை மரத்தில்தான். தரைப்பூச்சும் ஓடும் சேர்ந்து 50 மில்லிக்கு மேல் போகக்கூடாது என்பது வீவக விதி, சிமென்ட் போட்டு உயர்த்தும் யோசனையே வேண்டாம். அறைத் தரைக்கு வினைல் போடுவதானால் மேடைக்கு முன்பே முழுவதும் போட்டுவிடுங்கள், பிற்பாடு மேடையை எடுத்தால் மொட்டைத் தரை இளிக்கும். மேடைக்குள் மாட்டிக்கொள்ளும் மின் சாக்கெட்டுகளை உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து முன்கூட்டியே மேலே ஏற்றிவிடுங்கள். ஜன்னலின் அடிச்சுவர் தரையிலிருந்து ஒரு மீட்டர் என்றால் மேடையில் நிற்கும் பிள்ளைக்கு அது 60 சென்டிமீட்டர்தான், கிரில் போடாமல் குடிபோகாதீர்கள். கூரை 2.6 மீட்டர், விசிறி இறக்கை 30 சென்டிமீட்டர் தொங்கினால் மேடையிலிருந்து 1.9 மீட்டரில் சுழலும். சட்டை கழற்றக் கையைத் தூக்கினால் போதும். சுவர் விசிறி வையுங்கள். வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால் 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படி, அதன் கீழ் ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. இல்லையேல் ராத்திரி கழிவறைக்கு எழும்போது விழுவார்கள்.

பயணப் பெட்டிக்காகத்தான் மேடை என்றால், 28 அங்குலப் பெட்டி படுத்த நிலையில் ஏறக்குறைய 75க்கு 50, கனம் 30. 120க்கு 60 மூடிக்கு அடியில் உள்ள பெட்டியில் படுக்கும். அதே பயணப் பெட்டிக்கு, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையில் ஆணி அடிக்காமல் நிறுத்தும் இரும்பு ரேக் போதும், மேடையின் விலையில் சின்னப் பங்குதான். மொத்தமாக எழும்பும் ஸ்டோரேஜ் கட்டிலும் உண்டு. அதன் ஸ்ட்ரட் மெத்தையையும் சேர்த்துத் தூக்கும் கணக்கில் செய்தது, வீடு மாறினால் கூடவே வரும். மேடை வராது.

ஆக, நண்பரே, வேண்டாம். ஸ்டோரேஜ் கட்டில் வாங்குங்கள். "அப்ப நீங்க பிரிச்சுடுவீங்களா?" என்று கேட்பீர்கள். மாட்டேன். அந்த டிராயர்களை யாரும் தொடக்கூடாது, தீபாவளிக் கூட்டமும் எங்கே போய் உட்காரும்?

மூன்றாவது மூடி இன்னும் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. தேய்க்க வேண்டும். மெத்தையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும்.